துணிவும் அச்சமும் ஒரே மனத்தில்

பெங்களூர் லிங்கராஜபுரத்துக் கடைவீதியில் மாலை வேளையில் பூ வாங்குவோர் கைபேசியைக் கியூ.ஆர். அட்டைமுன் நீட்டுவதையும், பணம் வந்து சேர்ந்ததைப் பக்கத்திலிருக்கும் சிறு பெட்டி உரக்கச் சொல்வதையும் நித்தியம் காணலாம். பெட்டி மௌனமாக இருந்துவிட்டாலோ, "சவுண்டு வரலியேம்மா, கொஞ்சம் பாருங்க" என்று பூக்காரம்மாள் முழம் போட்ட சரத்தைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொள்கிறார். இந்தக் கருவியை அவர் விரும்புகிறாரா, அஞ்சுகிறாரா என்று வினவினால், இரண்டும் மெய் என்பதே விடை.

அந்த விடையை எண்ணால் காட்ட முயன்றவர் சென்னை ஐ.ஐ.டி.யிலும் அகமதாபாத் நிர்வாகவியல் கழகத்திலும் கற்று, அமெரிக்காவின் மயாமி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய ஏ. பரசுராமன். புதிய தொழில்நுட்பத்தை ஏற்க ஒருவருடைய மனம் எவ்வளவு இசைந்திருக்கிறது என்பதை அறிய, 36 வாக்கியங்கள் கொண்ட அளவுகோல் ஒன்றை அவர் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்டார். சார்லஸ் கோல்பி என்பவருடன் சேர்ந்து 2015 இல் அதனை 16 வாக்கியங்களாகச் சுருக்கினார். ஒவ்வொரு வாக்கியத்தையும் எவ்வளவு ஒப்புக்கொள்கிறோம் என்பதை ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிட்டுச் சொல்லவேண்டும்.

இவ்வாக்கியங்கள் நான்கு மனநிலைகளை அளக்கின்றன. கருவியால் வாழ்க்கை சௌகரியப்படும் என்ற நம்பிக்கையும், பிறருக்கு முன்னே தான் கையாண்டு பார்க்கவேண்டும் என்ற உற்சாகமும் மனத்தை முன்னே தள்ளுகின்றன. இது நம் கைக்கு அடங்காது என்ற திணறலும், பணமோ அந்தரங்கமோ பறிபோகும் என்ற சந்தேகமும் பின்னே இழுக்கின்றன. பின்னே இழுப்பவற்றின் மதிப்பெண்ணை ஆறிலிருந்து கழித்து, நான்கையும் கூட்டிச் சராசரி எடுக்கிறார்கள். ஆயினும் அந்த ஒற்றை எண்ணைவிட நான்கு எண்களையும் தனித்தனியே பார்ப்பதுதான் பிரயோஜனம் மிக்கது என்பது என் திடமான அபிப்பிராயம். ஏனெனில் ஒரே சராசரி பெற்ற இருவரில் ஒருவர் எதிலும் பற்றில்லாதவராகவும், மற்றவர் பேராவலும் பெரும் பயமும் ஒருங்கே உடையவராகவும் இருக்கக்கூடும். மேலும், இந்த அளவுகோல் காட்டுவது மனோபாவத்தின் அளவேயன்றித் திறமையின் அளவன்று.

இதற்கு ஓர் உதாரணம் பெங்களூரிலேயே உண்டு. 2016 இல் தோன்றிய யு.பி.ஐ. என்னும் கைபேசிப் பணமாற்று முறையைப் பெங்களூர்ச் சிறு வியாபாரிகள் வெகு விரைவில் தமதாக்கிக்கொண்டார்கள். ஆனால் 2025 ஜூலையில், அந்தப் பணவரவுக் கணக்கையே ஆதாரமாகக் கொண்டு கர்நாடக வணிகவரித் துறை வரி கேட்டு நோட்டீஸ் அனுப்பத் தொடங்கவே, நகரின் பல கடைகளில் அட்டைகள் அகற்றப்பட்டு, ரொக்கம் மட்டுமே பெறப்படும் என்ற அறிவிப்புகள் தோன்றின. அம்மாதம் 23 ஆம் தேதி முதலமைச்சர் சித்தராமையா வியாபாரிகளின் பிரதிநிதிகளை அழைத்துப் பேசும் நிலை உண்டாயிற்று. அவர்களுக்குக் கருவியை உபயோகிக்கத் தெரியாமற்போகவில்லை. நம்பிக்கை அப்படியே இருக்க, சந்தேகம் ஒன்றே உயர்ந்து அதனை வென்றது. அட்டையைக் கழற்றியவரைப் பாமரர் என்று எண்ணிவிடுவது பெரும் அநியாயம்.

வங்கிகளும் அரசு அலுவலகங்களும் எத்தனை பேர் செயலியைத் தரவிறக்கினார்கள் என்று கணக்கிட்டுத் திருப்தி அடைகின்றன. அதனோடு நில்லாமல், புதிய முறை எதையும் கட்டாயமாக்குமுன், ஜனங்கள் எதற்கு அஞ்சுகிறார்கள் என்பதையும் அவரவர் தாய்மொழியில் கேட்டறிந்து, அந்த அச்சம் நீங்கும்வரை ரொக்கத்துக்கும் ஒரு ஜன்னலைத் திறந்துவைக்குமாறு அவற்றை வேண்டிக்கொள்கிறேன்.