உஷார்! கார்பன் பானட்டில் ஓட்டை போடப் போகிறீர்களா?

முதலில் டிரில்லைக் கீழே வையுங்கள். கார்பன் ஃபைபர் பானட்டோ ஸ்பாய்லரோ ஆசையாக வாங்கி வந்து, திண்டிவனம் பக்கம் ஒரு டிங்கர் பட்டறையில் "ரெண்டு ஓட்டைதானே, அஞ்சு நிமிஷ வேலை" என்று இறங்குகிறவர்களுக்குத்தான் இது. கார்பன் தகரம் இல்லை.

2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றிச் சீறிய ஃபார்முலா 4 கார்களின் உடற்கூடு இதே பொருள்தான். பொருளை வாங்கிவிடலாம், வேலை தெரிந்த கை வேண்டாமா?

திண்டிவனம் பக்கத்துக் கல்குவாரி ஊரான பெருமுக்கல் வட்டாரத்துக்காரர்களுக்குக் கல் தூசியைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். கார்பனில் ஓட்டை போடும்போது கிளம்பும் கறுப்புத் தூசியையும் அதே பயத்தோடு பாருங்கள். ஒரு கார்பன் நாரின் தடிமன் 5 முதல் 7 மைக்ரான்தான். தலைமுடியோ சுமார் 70. டிரில் உடைக்கும்போது இன்னும் நுண்ணிய பொடியும், ரெசின் தூளும் சேர்ந்து பறக்கும். கைக்குட்டைக்கெல்லாம் அது அடங்காது. என்95 முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை கட்டாயம். வேலை முடிந்ததும் கம்ப்ரசர் காற்றால் ஊதவே ஊதாதீர்கள்! ஈரத்துணியால் துடையுங்கள். அந்தத் தூசி மின்சாரமும் கடத்தும். டிரில் மோட்டாருக்குள்ளோ, காரின் ஒயர் கனெக்டருக்குள்ளோ புகுந்தால் ஷார்ட் ஆகும். வெட்டிப்போட்ட துண்டுகளைக் குப்பையோடு கொளுத்துவதும் கூடாது. ரெசின் எரிந்து நச்சுப்புகை வரும், நார் காற்றில் மிதக்கும்.

ஓட்டை போடும் இடத்தில் இரு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, பின்னால் ஒரு மரக்கட்டையை இறுக்கிப் பிடியுங்கள். கட்டை இல்லாவிட்டால் பிட் வெளியே வரும் பக்கம் அடுக்கு அடுக்காகப் பிரிந்துவிடும். சாதாரண பிட் சீக்கிரமே மழுங்கும், கார்பைடு பிட் வாங்குங்கள். சிறிய ஓட்டையில் ஆரம்பித்துப் பெரிதாக்குங்கள். ஹேமர் மோடு கூடவே கூடாது. முடிந்ததும் ஓட்டையின் விளிம்பில் எபாக்சி தடவி மூடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் உள்ளே இறங்கும்.

இனிதான் பெரிய வில்லங்கம். பட்டறையில் கைக்கு வருவது அலுமினிய பாப் ரிவெட். அது உப்பி இறுகும்போதே ஓட்டையைச் சுற்றி விரிசல் விடலாம். அதோடு விடாது. கார்பனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டு, நடுவில் உப்பு ஈரமும் சேர்ந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கிவிடும், அலுமினியம் கரையும். பெருமுக்கல் இருப்பதோ மரக்காணம் போகும் சாலையில். உப்பளக் காற்றடிக்கும் அந்தப் பக்கம் அடிக்கடி ஓடுகிற வண்டிக்கு இது சும்மா இருக்குமா? ரிவெட் தலையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அரிப்பு ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்று அர்த்தம். துத்தநாகம் பூசிய இரும்பு போல்ட்டுக்கும் இதே கதிதான். துருப்பிடிக்காத எஸ்.எஸ். போல்ட், அகலமான வாஷர், நடுவில் நைலான் வாஷர் போடுங்கள். பேனலின் ஓரத்திலிருந்து ஓட்டை அதன் விட்டத்தைப்போல் மூன்று மடங்காவது தள்ளி இருக்கட்டும். மூச்சைப் பிடித்து முறுக்கவும் வேண்டாம், பேனல் நசுங்கும்.

(ஒரு சமாச்சாரம்: கடையில் 'கார்பன்' என்று விற்பதில் பாதி வேஷம் இருக்கும். பிளாஸ்டிக்மேல் ஸ்டிக்கர் ஒட்டியதும் உண்டு, கண்ணாடி நார்மேல் ஒரே ஒரு கார்பன் அடுக்கு போர்த்தியதும் உண்டு. கண்ணாடி நார்த் தூசிக்கும் இதே முகமூடிதான்.)

பானட்டை மூடிப் பிடிக்க பானட் பின் மாட்டுகிறவர்கள் இன்னொன்றும் கேளுங்கள். பின் இருக்கிறதே என்று சில பட்டறைகளில் கம்பெனி பூட்டைக் கழற்றிவிடச் சொல்வார்கள். வேகமாகப் போகும்போது பின் பிய்ந்தால் பானட் நேராக உங்கள் முன் கண்ணாடிமேல்தான் வந்து விழும். பழைய பூட்டைக் கழற்றச் சொல்லும் பட்டறையில் வண்டியை விடவே விடாதீர்கள்.