அடுப்பில் பொலித்தீன் போடாதீங்க



விடியக்காலையில் லயத்துப் பக்கம் போகும்போது ஒரு கெட்ட வாடை எங்களுக்கு அடிக்கடி வருகிறது. மழையில் நனைந்த மிலாறு பற்றாது, பெரட்டுக்கும் நேரமாகிவிடும். ஆகவே ஒரு ஷொப்பிங் பேக், ஒரு பழைய செருப்புத் துண்டு அடுப்புக்குள் போகிறது. தீ பிடித்துவிடும். ஆனால் அந்தப் புகை, காம்பராவில் தூங்கும் பிள்ளையின் நெஞ்சுக்குள்தான் போகிறது.

புகையால் சளி, இழுப்பு வருவது எல்லோருக்கும் தெரியும். இன்னொரு கெடுதியும் இருக்கிறது. நமது உடம்பில் உள்ள சுரப்பிகள் இரத்தத்தில் விடும் சாறுக்கு ஓமோன் என்று பெயர். பிள்ளை உயரமாக வளர்வதும், மூளை விருத்தியடைவதும், பெண்பிள்ளை பெரியபிள்ளையாவதும் ஓமோனின் வேலை. கழுத்தில் இருக்கும் தைரொயிட் சுரப்பி இதில் முக்கியமானது.

பீவீசீ குழாய், வயர் உறை போன்றவை எரியும்போது டயொக்சின் என்ற நஞ்சு உண்டாகிறது. அது உடம்புக் கொழுப்பில் பல வருஷம் தங்கி, ஓமோன் வேலையைக் குழப்பும். எது பீவீசீ, எது வேறு என்று அடுப்படியில் பிரித்துப் பார்க்க முடியுமா?

1976 ஜூலை 10இல் இத்தாலியில் செவெசோ என்ற ஊருக்குப் பக்கத்தில் ஓர் இரசாயனத் தொழிற்சாலையில் விபத்து நடந்தது. டயொக்சின் காற்றோடு பரவி மண்ணிலும் படிந்தது. அங்கே மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட பகுதியில் அன்று இருந்த பெண்களுக்கு 1994 முதல் 2005 வரை பிறந்த குழந்தைகளைச் சோதித்தார்கள். 100க்கு 16 பேருக்கு, தைரொயிட்டைத் தூண்டும் ஓமோன் கூடுதலாக இருந்தது. பாதிக்கப்படாத இடத்தில் 100க்கு 3 பேருக்குத்தான் அப்படி.

நமது அடுப்பில் அந்த அளவு நஞ்சு வராது. பயப்பட வேண்டாம், தாய்ப்பாலையும் நிறுத்த வேண்டாம். ஆனாலும் தினமும் சேர விடலாமா?

நாம் செய்யக்கூடியவை:

1. பொலித்தீன், பிளாஸ்டிக், இரப்பர், வயர் எதையும் எரிக்காதீங்க. பிளாஸ்டிக் கழிவை வெளியில் எரிப்பதும் 2017 முதல் சட்டப்படி குற்றம்.
2. மிலாறை முன்கூட்டியே கூரைக்குக் கீழே அடுக்கிக் காய வையுங்க.
3. சமைக்கும்போது கதவு, ஜன்னலைத் திறந்து விடுங்க.
4. கைக்குழந்தையையும் பிள்ளைத்தாய்ச்சியையும் புகைக்குத் தூரமாக வையுங்க.

லயத்தில் பக்கத்து வீட்டுப் புகை நம் வீட்டுக்கும் வரும். ஆகவே ஒரு வீடு மட்டும் நிறுத்தினால் போதாது. லயத்தில் எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுங்க.