பல் செட்டுக்கு அடியில்

பல் செட்டில் ஒட்டி வளரும் பூஞ்சைகளில் முதன்மையானது கேண்டிடா அல்பிகன்ஸ் என்னும் ஈஸ்ட். நலமாக இருக்கும் பலரின் வாயிலும் அது தொல்லை தராமல் இருக்கிறது. மேல்தாடை செட் அண்ணத்தை மூடியதும் நிலைமை மாறுகிறது. எச்சில் அங்கே அலசுவதில்லை. உணவுத் துணுக்கு தங்குகிறது. பூஞ்சை பெருகி, செட் படும் இடம் முழுக்கச் சிவக்கிறது. பெரும்பாலும் வலிப்பதில்லை. அதனால் செட்டுக்கு அடியிலுள்ள சிவப்பு, கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

முன்பு வல்கனைட் ரப்பரில் செட் செய்தார்கள். 1930-களின் இறுதியில் அக்ரிலிக் வந்து அதன் இடத்தைப் பிடித்தது. இன்றும் பெரும்பாலான செட்டுகள் அதில்தான். வெளிப்புறத்தைப் பளபளவென்று தேய்த்துத் தருவார்கள். அண்ணத்தில் படியும் உட்புறத்தைத் தேய்த்தால் பொருத்தம் கெடும் என்பதால் விட்டுவிடுவார்கள். பூஞ்சை குடியேறுவது அந்தச் சொரசொரப்பில்தான். சொரசொரப்பு சுமார் 0.2 மைக்ரோமீட்டரைத் தாண்டினால் நுண்ணுயிர்கள் ஒட்டுவது கூடுகிறது என்பது பல் மருத்துவ ஆய்வுகளின் கணிப்பு.

சூட்டில் இறுகும் அக்ரிலிக்கைவிட, உடைந்த செட்டை ஒட்டப் பயன்படும் தானாக இறுகும் அக்ரிலிக்கில் நுண்துளைகள் அதிகம். ஈறு வலிக்காமலிருக்க உள்ளே பூசும் மென்மையான பூச்சு இன்னும் மோசம். நாளாக ஆக அது துளைவிட்டுப் பூஞ்சை உள்ளேயே ஊடுருவ இடம் தருகிறது. வளையும் நைலான் செட் உடையாது என்று விரும்பி வாங்கப்படுகிறது, ஆனால் அதை வழவழப்பாக்குவது கடினம். கணினி உதவியுடன் கட்டியிலிருந்து கடைந்தெடுக்கும் அக்ரிலிக்கில் துளைகள் குறைவு, விலைதான் அதிகம்.

பொருள் எதுவானாலும் பராமரிப்பு தவறினால் பயனில்லை. சாம்பல், செங்கல் தூள், பல்பொடி, சில பற்பசைகள்கூட அக்ரிலிக்கில் கீறல் போடும்; ஒவ்வொரு கீறலும் பூஞ்சைக்குப் புதிய இடம். மென்மையான பிரஷும் சோப்பு நீருமே போதும். கொதிநீரில் போட்டால் செட் கோணிவிடும். இரவில் கழற்றித் தண்ணீரில் வைப்பது அவசியம். சர்க்கரை நோயாளிகளுக்கு இது இன்னும் முக்கியம், அவர்களுக்குப் பூஞ்சைத் தொற்று எளிதில் வரும்.

சிவந்த அண்ணத்துக்கு நிஸ்டாட்டின் போன்ற மருந்து தரும்போது செட்டையும் சேர்த்துச் சுத்திகரிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆறிய அண்ணத்துக்கு அதிலிருந்தே மறுபடி தொற்று வரும். துளைவிட்ட பழைய செட்டாக இருந்தால், உட்புறத்தைப் புதுப்பிக்க வேண்டும் அல்லது வேறு செட் செய்துகொள்ள வேண்டும்.