பல்லாண்டுப் பூச்செடிகளைத் தேர்ந்தெடுக்கும் முறை

ஓராண்டுப் பயிரில் நேரும் தவறு அறுவடையோடு தீர்ந்துபோகும். பல்லாண்டுப் பயிரில் நேரும் தவறு அவ்வாறு தீர்வதில்லை. மல்லிகைச் செடியை இன்று நட்டால், செலவுக்கு ஈடான பூவைப் பார்க்க இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். பிறகு பத்து, பதினைந்து ஆண்டுகள் வரையில் அது பலன் கொடுக்கும். நிலத்திற்குப் பொருந்தாத செடி என்பது மூன்றாம் ஆண்டில் தெரியவருமானால், இழந்தது செடியின் விலை மட்டுமன்று. மூன்று ஆண்டு நீரும் உழைப்பும் சேர்ந்தே போயின. ஆதலின், நடுவதற்குமுன் தேர்ந்தெடுப்பதில் செலவிடும் ஒரு மாத காலம் வீண் காலம் ஆகாது.

சுந்தரபாண்டியபுரம், சாம்பவர்வடகரைப் பக்கங்களில் ஆடி, ஆவணி மாதங்களில் பூத்து நிற்கும் சூரியகாந்தி வயல்களைப் பார்க்கக் கேரளத்திலிருந்தும் மக்கள் திரளுகின்றனர். ஓணத்தை முன்னிட்டுச் செவ்வந்தியும் வாடாமல்லியும் பயிரிடுவோரும் உளர். இவையெல்லாம் ஒரு பருவத்துப் பயிர்கள். நிலமும் ஆள்பலமும் உடையவர்க்கு அவை ஏற்றவை. தறியையே முதன்மையாக நம்பி, வீட்டையொட்டி ஐந்து சென்ட், பத்து சென்ட் மட்டும் வைத்திருக்கும் நெசவாளர் குடும்பத்திற்கு, ஒருமுறை நட்டுப் பல ஆண்டு பறிக்கும் செடியே பொருத்தமானது. தெருவில் பாவு விரித்துக் கஞ்சியிடும் வழக்கமுள்ள ஊர்களில் மழைநாட்களில் அவ்வேலை தடைப்படுகிறது. அத்தகைய நாட்களில் சிறு தொகையேனும் வேறு வழியில் வருவது பெரிய உதவியாகும்.

நிலமே செடியைத் தேர்ந்தெடுக்கிறது

குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நிலங்களுக்குப் பூவின் பெயரையும் மரத்தின் பெயரையும் இட்டவர்கள் நம் முன்னோர். எந்நிலத்தில் எது இயல்பாகச் செழிக்குமோ அதுவே அந்நிலத்தின் அடையாளம் என்பது அவர்கள் கண்ட உண்மை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிக் கிழக்கிந்தியக் கம்பெனியார் ஜாதிக்காய், கிராம்பு முதலியவற்றைப் பயிரிட ஈரமும் நிழலும் உள்ள இடம் தேடிக் குற்றாலத்தைத் தேர்ந்தனர். அவர்கள் கையில் செடி இருந்தது. அதற்கேற்ற இடத்தைத் தேடினர். நம் கையில் இருப்பது இடம். அதற்கேற்ற செடியை நாம் தேட வேண்டும்.

2019ஆம் ஆண்டில் தனி மாவட்டமாக அமைந்த தென்காசி மாவட்டத்தில் இத்தேடல் மிகவும் இன்றியமையாதது. குற்றாலத்திலிருந்து தென்காசி ஐந்து கிலோமீட்டர். அங்கிருந்து சங்கரன்கோவில் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். இச்சிறு தொலைவிற்குள் மண்ணும் மழையும் காற்றும் மாறிவிடுகின்றன. ஆனி, ஆடி மாதங்களில் அருவிக்கரையில் சாரல் பொழிந்துகொண்டிருக்கும்போது, சங்கரன்கோவில் கரிசலில் வெயிலே காய்கிறது. அங்கு மழையென்று சொல்லத்தக்கது ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வருவதே.

சீசன் காலத்தில் குற்றாலத்திற்குச் செல்வோர் அங்கு விற்கும் செடிகளின் செழிப்பைக் கண்டு மயங்கி, கைக்கு இரண்டாக வாங்கி வருவது வழக்கம். அச்செழிப்பில் பாதி செடியுடையது, மறுபாதி சாரலுடையது. செடியைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு வரலாம். சாரலை ஏற்றிக்கொண்டு வர இயலாது.

மூவகை நிலங்கள்

முதலாவது, மலையடிவாரம். குற்றாலம், இலஞ்சி, செங்கோட்டை, பண்பொழி ஆகிய ஊர்கள் இதில் அடங்கும். இங்கு ஈரமும் நிழலும் மிகுதி. தொடர்ந்து சாரல் வீசும் நாட்களில் மல்லிகைக்குப் போதிய வெயில் கிட்டுவதில்லை. மொட்டும் நனைந்து கெடுகிறது. நந்தியாவட்டை, செம்பருத்தி, இட்லிப் பூ எனப்படும் வெட்சி, பவளமல்லி ஆகியவை இந்நிலத்திற்கு ஏற்றவை. செண்பகதேவி அருவியின் பெயரிலேயே இடம்பெற்ற செண்பகமும் இங்கு நன்கு வளரும். விதையிலிருந்து வளர்த்த செண்பகம் பூக்க ஏழெட்டு ஆண்டுகள் ஆகலாம். ஒட்டுக்கன்று இரண்டு, மூன்று ஆண்டுகளில் பூக்கத் தொடங்கும். வாங்கும்போதே எக்கன்று என்று கேட்டறிதல் வேண்டும்.

இரண்டாவது, தென்காசி, கடையநல்லூர், பாவூர்சத்திரம், சுரண்டை ஆகிய இடைப்பகுதி. செம்மண்ணும் கிணற்று நீரும் உள்ள இடங்களில் மல்லிகை, பிச்சி, முல்லை, கனகாம்பரம், சம்பங்கி யாவும் வரும். இங்குக் கவனிக்க வேண்டியது காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் தென்மேற்குக் காற்றின் வேகத்தை இப்பகுதியில் சுழலும் காற்றாலைகளே காட்டும். தோட்டத்தின் மேற்கு ஓரத்தில் செம்பருத்தியை நெருக்கமாக நட்டு வேலியாக்கினால், உள்ளேயுள்ள இளஞ்செடிகள் தப்பும்.

மூன்றாவது, கிழக்கிலுள்ள கரிசல். மழைக்காலத்தில் நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, கோடையில் வெடித்து வேரை அறுக்கும் மண் இது. மல்லிகையின் வேர் தேங்கிய நீரைத் தாங்காது. சங்கரன்கோவில் வட்டாரத்திலும் கிணற்றுப் பாசனமுள்ள செம்மண் துண்டுகளில் மல்லிகையும் பிச்சியும் விளைகின்றன. அத்தகைய மண் இல்லாதவர்கள் அரளியை நாடுதல் நலம். வறட்சியையும் ஓரளவு உப்பு நீரையும் தாங்கவல்லது அது. சேலம் மாவட்டத்துப் பனமரத்துப்பட்டி வட்டாரத்தில் அரளியே ஒரு பெரும் பயிராக வளர்ந்திருக்கிறது.

நம் நிலம் எவ்வகையினது என்பதில் ஐயமிருந்தால், ஒன்றரை அடி ஆழத்தில் ஒரு குழி தோண்டி நிறைய நீர் ஊற்றுக. மறுநாட் காலையிலும் நீர் நின்றால், அவ்விடம் மல்லிகைக்கும் சம்பங்கிக்கும் ஆகாது. மண்ணையும் கிணற்று நீரையும் வேளாண்மைத் துறையின் பரிசோதனை நிலையத்தில் சோதித்துக்கொள்வது இன்னும் உறுதியான வழி.

எத்தனை கைகள் உள்ளன?

நிலத்திற்கு அடுத்தபடி எண்ண வேண்டியது பறிக்கும் ஆள்பலம். மல்லிகையை நான்கடிக்குச் சற்று மிகுதியாக, அதாவது 1.25 மீட்டர் இடைவெளியில் நட்டால், ஒரு சென்ட் நிலத்தில் 25 செடிகள் கொள்ளும். ஐந்து சென்ட்டில் ஏறத்தாழ 125 செடிகள். நன்கு பேணினால் ஒரு செடி ஆண்டுக்கு ஒரு கிலோவுக்கு மேல் தரும். ஆனால் அது பன்னிரண்டு மாதமும் சமமாக வருவதன்று. பெரும்பகுதி பங்குனி முதல் ஆனி வரையில் வந்துவிடும். ஒரு கிலோவில் சில ஆயிரம் மொட்டுகள் உண்டு. அவற்றை விரியுமுன், விடியற்காலையிலேயே பறித்துச் சந்தைக்கு அனுப்பியாக வேண்டும். தறியில் அமருமுன் இவ்வேலையை முடிக்க வீட்டில் எத்தனை பேர் எழுவர் என்பதை எண்ணிய பின்னரே செடியின் எண்ணிக்கையை முடிவு செய்க. இவ்வேலை பெரும்பாலும் பெண்டிர் தலையிலேயே விழுகிறது. ஆதலின் அவர்களைக் கலந்துகொள்ளாமல் நடுவது முறையன்று.

ஆள் குறைந்த வீட்டிற்குக் கனகாம்பரம் நல்ல துணை. மணம் இல்லாவிடினும், பறித்தபின் விரைவில் வாடுவதில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தால் போதும். எடை குறைவாதலின் கிலோக் கணக்கில் மிகுதியாக வராது. அதற்கேற்ப விலை கூடுதலாக இருக்கும். ‘டெல்லி’ என வழங்கும் வகை விதை கொடாதது. தண்டுக் குச்சியால்தான் பெருக்க முடியும். ஆகவே ‘டெல்லி கனகாம்பர விதை’ என்று எவரேனும் விற்றால் வாங்கற்க. நூற்புழு இச்செடிக்குப் பெரும் பகை. கத்தரி, தக்காளிச் செடிகளின் வேரில் முடிச்சுகள் கண்ட இடத்தில் கனகாம்பரம் வைத்தலாகாது.

சம்பங்கிக் கிழங்கை நட்டால் சில மாதங்களிலேயே பூக்கும். மூன்று ஆண்டு வரையில் வைத்திருந்து, பிறகு தோண்டிப் பிரித்து மாற்றிடத்தில் நடலாம். நெடுநாள் காத்திருக்க இயலாதவர் முதலில் இதனை நட்டுப் பழகலாம்.

ஒன்றையே நம்பற்க

மல்லிகை மிகுந்து வரும் பருவத்தில் விலை இறங்கும். மார்கழிப் பனியில் பூ அருகும்போது விலை ஏறும். அப்போது நம் செடியிலும் பூ இராது. ஆகவே இடமுள்ளவர் மல்லிகையோடு பிச்சியையும் சிறிது கனகாம்பரத்தையும் சேர்த்து வைப்பாராயின், ஒன்று ஓய்ந்திருக்கும்போது மற்றொன்று கைகொடுக்கும். பிச்சி கொடிபோல் படர்வது. ஒரு சென்ட்டிற்குப் பதின்மூன்று செடிகளே போதும். முல்லைக்கு ஐந்தடி இடைவெளி வேண்டும்.

இவை மூன்றும் புதுத் துளிரில் பூப்பவை. கவாத்து செய்யாத செடி இலையைத் தழைக்கவிட்டுப் பூவைக் குறைத்துக்கொள்ளும். மல்லிகையை நவம்பர் இறுதியிலும், பிச்சியை டிசம்பர் இறுதியிலும், முல்லையை ஜனவரி இறுதியிலும் தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை அடி உயரத்தில் வெட்டிவிடுதல் வேண்டும். வெட்டியபின் செடி ஒன்றுக்குப் பத்து கிலோ தொழு உரம் இடலாம். மல்லிகைக்கு ஆண்டொன்றுக்குத் தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்து 120 கிராம், சாம்பல்சத்து 120 கிராம் எனக் கணக்கிட்டு, கவாத்துக்குப் பின் ஒரு பாதியும் ஆனி, ஆடியில் மறு பாதியும் இடுவது பரிந்துரைக்கப்பட்ட முறை. செடியை வெட்ட மனம் வராதவர் பூவுக்காகச் செடி வைப்பதில் பயனில்லை.

இரண்டு எச்சரிக்கைகள்

அரளியின் இலை, தண்டு, பூ, வேர் யாவும் நஞ்சு. ஆடு மாடுகள் சில இலைகளைத் தின்றாலும் உயிருக்கு ஆபத்து. அதன் குச்சியை அடுப்பிலிட்டால் எழும் புகையும் தீங்கானது. பொன்னரளியின் விதை அதனினும் கொடியது. ஆடு வளர்க்கும் வீட்டாரும், சிறு குழந்தைகள் உள்ள வீட்டாரும் முற்றத்தில் இவற்றை வைக்கலாகாது. தள்ளியுள்ள நிலத்தில் வைத்து, கவாத்து செய்த கழிவை உடனே புதைத்துவிட வேண்டும். பறித்தபின் சோப்பிட்டுக் கை கழுவாமல் உணவையும் தொடலாகாது, பாவையும் தொடலாகாது.

மற்றொன்று நெசவாளர்க்கே உரியது. சாயம் தோய்த்த நீரைச் செடிக்கு ஊற்றும் வழக்கம் ஆங்காங்கு உண்டு. அதில் கலந்துள்ள உப்பும் காரமும் நாளடைவில் மண்ணை இறுக்கி வேரைக் கெடுக்கும். பல்லாண்டுச் செடி அதே இடத்தில் நின்று அத்தீங்கை ஆண்டுதோறும் ஏற்கிறது. வீட்டில் அரிசி களைந்த நீரை ஊற்றலாம். சாய நீர் கூடவே கூடாது.

கூடிச் செய்தல்

சங்கரன்கோவிலிலும், பாவூர்சத்திரத்தை அடுத்த சிவகாமிபுரத்திலும், குமரி மாவட்டத்துத் தோவாளையிலும் பூச்சந்தைகள் உள்ளன. ஒரு வீட்டு இரண்டு கிலோப் பூவைச் சந்தைக்குக் கொண்டுசென்றால், வண்டிச்செலவே வரும்படியைத் தின்றுவிடும். ஒரே தெருவில் பத்து வீட்டார் ஒரே வகைப் பூவை வைத்தால், இருபது கிலோவை ஒருவர் எடுத்துச் செல்லலாம். அல்லது வியாபாரியே தெருவுக்கு வருவார். ஆதலின் எதை நடுவது என்பதைத் தனித்தனியே முடிவு செய்யாமல், சங்கக் கூட்டத்தில் கலந்து பேசி முடிவு செய்க.

கன்று பெறுவதிலும் கூட்டுறவே சிறந்த வழி. ஊரில் இரண்டு ஆண்டேனும் நன்கு பூத்ததை எல்லோரும் கண்ட தாய்ச்செடியிலிருந்து பதியனோ குச்சியோ எடுத்து, ஓர் அங்கத்தினர் கொல்லையில் நாற்றங்கால் அமைத்துப் பங்கிட்டுக்கொள்ளலாம். நம் மண்ணில், நம் நீரில் பூத்துக் காட்டிய செடியைவிட நம்பத்தக்க நற்சான்று வேறில்லை. வெளியில் வாங்க நேர்ந்தால், பூ நிறைந்த செடியைத் தேடாமல், தண்டு தடித்து, இலை மாசற்று, வேர் பையினுள் சுருளாத இளஞ்செடியைத் தேடுக.

நிலம், நீர், காற்று, ஆள்பலம், சந்தை ஆகிய ஐந்தையும் இவ்வாறு எண்ணிப் பார்த்தபின், முதலாண்டில் பத்துச் செடிக்கு மேல் வைக்க வேண்டா. அவை ஒரு சாரலையும் ஒரு கோடையையும் கடந்து நிற்குமாயின், அடுத்த ஆண்டில் துணிந்து பெருக்கலாம். அதற்கு வேண்டிய குச்சிகளையும் அச்செடிகளே தந்துவிடும்.