பழைய மோட்டார் வண்டியில் வானொலி

மோட்டார் வண்டியின் உடல் இரும்புத் தகட்டால் ஆயது. வானொலி அலைகள் அத்தகட்டை ஊடுருவி உள்ளே புகமாட்டா. வண்டியை இயக்கும் எஞ்சினோ ஓயாது மின்பொறிகளைத் தெறித்துக்கொண்டே இருப்பது. ஆறு சிலிண்டர் கொண்ட எஞ்சின் நிமிடத்திற்கு 2000 முறை சுழலுமாயின், அந்த ஒரு நிமிடத்தில் 6000 பொறிகள் எழுகின்றன. வானொலிப் பெட்டியை வைப்பதற்கு இதனினும் ஒவ்வாத இடம் காண்பது அரிது. எனினும், அவ்விடத்திலேயே அதனை வைத்துப் பேசச் செய்தனர் சென்ற நூற்றாண்டின் பொறிவல்லார்.

அமெரிக்க நாட்டு டெட்ராய்ட் நகரக் காவல் துறையினர், ரோந்து வண்டிகளுக்கு வானொலி வழியே ஆணையிட விரும்பிப் பல்லாண்டுகள் முயன்றனர். குற்றம் நிகழ்ந்த தெரு எது என்று நிலையத்தார் கூறும் சொல் பாதி கேட்டுப் பாதி மறைந்துபோமாயின் அதனால் யாது பயன்? வண்டியின் அதிர்ச்சியும் எஞ்சினின் இரைச்சலும் அம்முயற்சியை நெடுநாள் தடுத்தன. 1928ஆம் ஆண்டிலேதான் அவர்கள் வெற்றி கண்டனர். பொதுமக்களின் வண்டிகளுக்கென, சிகாகோ நகரிலிருந்த கால்வின் நிறுவனம் 1930இல் ‘மோட்டரோலா’ என்னும் பெட்டியை விற்பனைக்குக் கொணர்ந்தது. அக்காலத்துப் பெட்டிகளைத் தாங்கிய வண்டிகளுட் சில இன்றும் ஓடுகின்றன. அவற்றின் உடைமையாளர் பெரும்பாலோர் கூறும் குறை ஒன்றே: பாட்டு மெலிதாகவும் இரைச்சல் பெரிதாகவும் கேட்கின்றது என்பது.

மின்பொறிக்கும் வானொலிக்கும் உள்ள உறவு பழமையானது. ஜெர்மானிய அறிஞர் ஹெர்ட்ஸ், 1887இல் தம் ஆய்வுக்கூடத்தில் மின்பொறியைக் கொண்டே வானொலி அலைகளைத் தோற்றுவித்தார். எஞ்சினிலுள்ள ஸ்பார்க் பிளக்கும் அறியாமலே அத்தொழிலைச் செய்கின்றது. அதற்குச் செல்லும் கம்பிகள் ஏரியலாக நின்று அவ்வலைகளைப் பரப்புகின்றன. மத்திய அலை ஒலிபரப்பில், அலையின் வீச்சு கூடிக் குறைவதே குரலாகவும் இசையாகவும் மாறுகின்றது. பொறியின் அலையும் வீச்சையே தாக்குவதால், பெட்டி அதனையும் ஒலியாகக் கொண்டு படபடக்கின்றது. பண்பலையில் இத்தொல்லை குறைவு. அங்கே செய்தியைச் சுமப்பது அலையின் அதிர்வெண்ணே.

குறையை ஆராயப் புகுவோர் முதலிற் பெட்டியைக் கழற்றலாகாது. நல்ல பெட்டிகள் பல இவ்வாறு வீணே கழற்றப்பட்டுக் கெட்டன. எஞ்சினை நிறுத்திவிட்டு, வண்டியைத் திறந்த வெளியில் வைத்துக் கேட்டல் வேண்டும். அப்பொழுது ஒலி தெளிவாயின் குற்றம் எஞ்சினுடையது. அப்பொழுதும் மெலிதாயின் ஏரியலோ பெட்டியோ பழுது. கையடக்க வானொலி ஒன்றை அதே இடத்தில் வைத்து, அதே நிலையத்தைக் கேட்டால் இடத்தின் குறையும் புலப்படும். இச்சோதனையை நெடுநேரம் நீட்டுதல் தகாது. வால்வுப் பெட்டி 6 முதல் 8 ஆம்பியர் வரை மின்சாரம் உண்பது. பேட்டரி விரைவில் ஓய்ந்துவிடும்.

மெலிந்த ஒலிக்குப் பெரும்பாலும் ஏரியலே காரணம். முற்கால வண்டிகளின் கூரை மரச்சட்டமும் துணியுமாக இருந்தது. அதனுள் கம்பிவலையை மறைத்து வைத்தால் போதுமாயிருந்தது. 1930களின் நடுவில் முழு எஃகுக் கூரை வந்தது. அதன்பின் ஏரியல் வண்டியின் அடியிலும், பிறகு மட்கார்டின் மேல் நீண்ட தண்டாகவும் இடம் பெயர்ந்தது. அத்தண்டின் அடியிலேதான் துரு பிடிக்கின்றது. ஓம் மீட்டர் ஒன்றிருந்தால் இதனை எளிதில் அறியலாம். ஏரியலின் செருகியைப் பெட்டியிலிருந்து பிடுங்கிவிட்டு அளத்தல் வேண்டும். தண்டின் நுனிக்கும் செருகியின் நடுமுனைக்கும் இடையே தடை ஏறத்தாழச் சுழியாக இருக்கவேண்டும். நடுமுனைக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே மின்சாரம் சிறிதும் பாயலாகாது. பாய்ந்தால் மழைநீர் கேபிளினுள் புகுந்தது எனலாம். கேபிளின் வெளியுறையோ உடலோடு நன்றாக இணைந்திருத்தல் வேண்டும். துரு அவ்விணைப்பை அறுத்துவிட்டால் ஒலி மெலிவதோடு, கேபிளே எஞ்சினின் இரைச்சலையும் வாங்கத் தொடங்கும். ஒரு விரற்கிடைத் துரு இரண்டு நோய்களைத் தருவது இவ்வாறே.

ஏரியலைப் புதிதாக மாற்றியும் ஒலி உயரவில்லை என்று வருந்துவோர் உளர். பழைய பெட்டிகளில் ஏரியல் புகும் வாயிலின் அருகே சிறு திருகு ஒன்று உண்டு. 1400 கிலோஹெர்ட்ஸ் அளவில் மெலிந்த நிலையம் ஒன்றைப் பிடித்து, ஒலி மிக உயரும் வரை அத்திருகைத் திருப்புதல் வேண்டும். ஏரியலும் கேபிளும் பெட்டியின் சுருதிச் சுற்றில் ஓர் உறுப்பாதலின், அவற்றை மாற்றினால் சுருதியையும் மாற்றவேண்டும். தந்தியை மாற்றிய வீணையை மீட்டும் சுருதி கூட்டுதல் போல்வது இது.

இரைச்சலின் பிறப்பிடத்தைக் காது ஒன்றே காட்டிக்கொடுக்கும். எஞ்சினின் வேகத்திற்கேற்ப நெருங்கும் படபடப்பு மின்பொறியுடையது. சீழ்க்கை போல் ஏறியிறங்குவது டைனமோவினுடையது. ஐயம் நேரின், நின்ற வண்டியில் எஞ்சினை விரைவாக ஓட்டிச் சாவியை மட்டும் திருப்பி நிறுத்திப் பார்க்கலாம். பொறியின் ஒலி அந்நொடியே அறும். டைனமோவின் ஒலி சுழற்சி தணியத் தணியவே அடங்கும். முன்னதற்கு, காயிலிலிருந்து டிஸ்டிரிபியூட்டரின் நடுவுக்குச் செல்லும் கம்பியில் ஏறத்தாழ 10,000 ஓம் தடை ஒன்றைச் சேர்ப்பர். பின்னதற்கு, டைனமோவின் ஆர்மேச்சர் முனையில் கண்டென்சர் ஒன்றை இணைப்பர். பீல்டு முனையில் இணைத்தால் ரெகுலேட்டரின் தொடுமுனைகள் கருகிவிடும்.

வியப்பான இரைச்சல் மற்றொன்று உண்டு. உலர்ந்த சாலையில் வண்டி உருளும்போது மட்டும், எஞ்சின் ஓடாவிடினும், அது கேட்கும். பிரேக்கை மெல்ல அழுத்தினால் மறையும். டயர் உராய்வால் சக்கரம் மின்னேற்றம் பெறுகின்றது. முன்சக்கரத்தின் கிரீஸ் படலம் அதனை அச்சுக்குச் செல்லவொட்டாது தடுப்பதால், மின்சாரம் பொறியாகத் தாவுகின்றது. சக்கர மூடிக்குள் ஒரு சிறு சுருள்வில்லை வைத்து அச்சைத் தொடச் செய்தால் அது தீரும்.

எஞ்சின் ஓடினும் ஓடாவிடினும் மாறாத ரீங்காரம் பெட்டிக்குள்ளிருந்தே எழுவது. பேட்டரியின் 6 வோல்ட்டை 200 வோல்ட்டுக்கும் மேல் உயர்த்தும் ‘வைப்ரேட்டர்’ அங்கே அதிர்கின்றது. அதனோடு சேர்ந்த கண்டென்சர் முதுமையாற் பழுதுற்றால் டிரான்ஸ்பார்மரே எரிந்துபோம். ஆதலின், பல்லாண்டு உறங்கிய பெட்டிக்கு மின்சாரம் தருமுன் அக்கண்டென்சரை மாற்றுவித்தல் வேண்டும். அது பழகிய தொழிலாளியின் வேலை. அவ்வளவு வோல்ட் உள்ள இடத்தில் மாணவர் கைவைத்தல் ஆகாது.

இத்தனையும் செம்மையாக இருந்தும் இரைச்சல் நீங்காத வண்டிகள் இக்காலத்தில் உண்டு. பழைய விளக்குகளை நீக்கிப் பொருத்திய எல்.இ.டி. விளக்கோ, செல்பேசிக்கு மின்னேற்றும் சார்ஜரோ அங்கே காரணமாக இருக்கும். அவற்றினுள் மின்சாரம் நொடிக்குப் பல்லாயிரம் முறை விட்டு விட்டுப் பாய்கின்றது. சார்ஜரைப் பிடுங்கிப் பார்த்தால் சில வேளைகளில் பாட்டு உடனே தெளிந்துவிடும்.