லயத்தில் பாடிய சிவப்புப் பாட்டு

பிரேசிலின் வடகிழக்குச் சந்தைகளில் 'கோர்டெல்' என்னும் பாட்டுச் சிறுநூல்களைக் கயிற்றில் தொங்கவிட்டு விற்பார்கள். வாங்கியவர் படிப்பார்; எழுத்தறியாதவர்கள் சுற்றி நின்று கேட்பார்கள். வறட்சி, பண்ணை முதலாளி, தேர்தல் எல்லாம் எதுகையோடு வரும். சென்னை குஜிலிக் கடைத் தெருவில் காலணா, அரையணாவுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

மலேசியாவின் ஜொகூர் ரப்பர் தோட்டங்களிலோ அச்சைவிடத் தொண்டைக்கே வேலை அதிகம். விடியுமுன் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்பு, பிறகு நிரை என்னும் மர வரிசையில் பால் வெட்டு. பால் நிறுத்து முடிந்தால் லயம் என்னும் வரிசை வீடுகளில் பேச, பாட நேரம் கிடைக்கும். கங்காணியின் கணக்கும் எழுத்தர் கிராணியின் திமிரும் பாட்டாயின. முத்தம்மாள் பழனிசாமி போன்றவர்கள் தொகுத்ததால்தான் மலேசியத் தோட்டப் பாடல்கள் சில நமக்கு மிஞ்சியிருக்கின்றன.

புலம்பல் மெல்லக் கோரிக்கையானது. 1935இல் சிங்கப்பூரில் தொடங்கிய 'தமிழ் முரசு' இதழ் ஜொகூர் பாலம் கடந்து வந்தது. கூடவே சுயமரியாதைப் பேச்சும். இரண்டாம் உலகப் போருக்குப் பின், எஸ். ஏ. கணபதி தலைமையேற்ற அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனம் கூலி உயர்வு கேட்டது. 1948 ஜூன் தொடக்கத்தில் ஜொகூரின் சிகாமாட் அருகே ஒரு தோட்டத்தில் வேலைநிறுத்தக்காரர்கள் மீது போலீஸ் பாய்ந்ததில் உயிர்கள் போயின. அதே மாதம் பிரிட்டிஷ் ஆட்சியின் அவசரகாலம் வந்தது, சம்மேளனத்துக்குத் தடையும் வந்தது. 1949 மே 4 அன்று கணபதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதன்பின் 'தோழர்' என்று உரக்கப் பாட யாருக்குத் துணிவு வரும்?

1954இல் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் அமைந்ததும் கூலி விவகாரம் பேச்சுவார்த்தை மேசைக்குப் போனது. பாட்டு சினிமாக் கொட்டகைக்குப் போனது. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் பொதுவுடைமை, சினிமாப் பாட்டாக வந்து தோட்ட நிர்வாகியான துரை காதிலும் விழுந்தது. இதைவிடச் சாமர்த்தியமான கடத்தலை நான் கேள்விப்பட்டதில்லை.

இன்று ஜொகூர் பாருவின் தெப்ராவ் பக்கம் வீடமைப்புப் பகுதிகளும் பேரங்காடிகளும். பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளில் பலர் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் காதில் தமிழ் ராப்; மலேசிய ராப் பாடகர் யோகி பியின் 'வல்லவன்' ஆல்பம் 2006இலேயே வந்துவிட்டது. மலேசிய சோசலிசக் கட்சி 2022 ஜொகூர் சட்டமன்றத் தேர்தலில் நின்றது. ஆனால் தமிழில் மட்டும் பாடி இன்று ஒரு தோட்டத்தையும் நிறுத்த முடியாது.

கொள்கை செத்ததால் பாட்டு நின்றது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கேட்கும் கூட்டம்தான் மாறிவிட்டது. ரப்பர் இருந்த இடத்தில் இன்று செம்பனைக் குலை அறுப்பவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியரும் வங்கதேசத்தவரும். கங்காணியின் இடத்தில் ஆள்பிடிக்கும் ஏஜெண்டு, கடன் மட்டும் பழையபடி. பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் 2014இல் புலம்பெயர் தொழிலாளர் கவிதைப் போட்டி தொடங்கியபோது, வங்கதேசத் தொழிலாளர்கள் தங்கள் மொழியிலேயே எழுதி வாசித்தார்கள். மேடைக்கு வரும் கவிதையில் கோபம் கொஞ்சம் அடங்கித்தான் வரும். தொழிலாளர் விடுதியில் பாடுவது வேறாக இருக்கக்கூடும்.