உடும்புக் குஞ்சை வீட்டுக்குக் கொண்டுவருமுன்...

செல்லப்பிராணி என்றதும் நாய், பூனை, கிளி, தங்கமீன் என்பனவே எமது நினைவுக்கு வருவது வழக்கம். ஆனால் வட அமெரிக்காவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் கடந்த சில தசாப்தங்களாகப் பாம்பு, பல்லி, ஆமை போன்ற ஊர்வன இனங்களை வீட்டில் வைத்து வளர்க்கும் வழக்கம் பெரிதும் பரவியுள்ளது. அவ்வாறு கடைகளில் விற்கப்படும் பிராணிகளுள் ஆபிரிக்காவின் சவன்னா உடும்பும் ஒன்றாகும். விற்பனைக்கு வரும்போது அது ஒரு சாண் நீளம்கூட இராத குஞ்சு. விலையும் அதிகமில்லை. புலம்பெயர்ந்து வாழும் எம்மவர் குடும்பங்களின் பிள்ளைகளும் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அதனைக் கண்டு ஆசைப்படக்கூடும்.

அந்த ஆசையின் விலையைச் செலுத்துவது பெரும்பாலும் அந்தக் குஞ்சே என்பதுதான் வேதனைக்குரிய விடயம். கொடுமை செய்யும் நோக்கத்தோடு எவரும் உடும்பை வாங்குவதில்லை. ஆயினும் அது எத்தகைய பிராணி என்பதை அறியாமல் வாங்குவதனால், வீட்டுக்கு வந்த சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ அது நோயுற்று மடிய நேரிடுகின்றது. எனவே உடும்புக் குஞ்சொன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து நிலைபெறச் செய்வதற்கு உண்மையில் என்னென்ன தேவை என்பதை ஆராய்வது பயனுடையதாகும்.

யார் இந்த உடும்பு?

உடும்புகள் யாவும் வரானஸ் என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இந்தோனேசியாவின் கொமோடோ உடும்பும், எமது வளவுகளில் திரியும் உடும்பும், நீர்நிலையோரங்களில் காணப்படும் கபரகொய்யாவும் இந்தப் பேரினத்தின் உறுப்பினர்களே. சவன்னா உடும்பு சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே, செனகல் முதல் கிழக்கு ஆபிரிக்கா வரையிலான புல்வெளிகளில் வாழ்கின்றது. பிரெஞ்சு இயற்கையியலாளர் பொஸ்க் 1792ஆம் ஆண்டில் இதனை முதன்முதலில் விபரித்தமையால் 'பொஸ்க் உடும்பு' என்ற பெயரும் இதற்குண்டு. வளர்ந்த உடும்பு ஏறக்குறைய ஒரு மீற்றர் நீளத்தை எட்டும். முறையாகப் பேணப்பட்டால் பத்து ஆண்டுகளுக்கு மேலாகவும் உயிர்வாழும்.

இதனை வீட்டுச் சுவரில் ஒட்டிக்கிடக்கும் பல்லியின் பெரிய வடிவம் என்று எண்ணிவிடக் கூடாது. சவன்னா உடும்பின் நுரையீரலில் காற்று, பறவைகளில் போன்று பெருமளவுக்கு ஒரே திசையில் பாய்கின்றது என்பதை 2013ஆம் ஆண்டின் இறுதியில் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. நெடுந்தூரம் நடந்து, மண்ணைக் கிளறி, நாக்கை நீட்டி மணம் பிடித்து இரை தேடும் சுறுசுறுப்பான வேட்டைப் பிராணி இது. சிறு தொட்டியொன்றில் அசையாது கிடப்பதற்காகப் படைக்கப்பட்டதன்று.

கடைகளுக்கு வரும் குஞ்சுகளில் மிகப் பெரும்பாலானவை கானா, டோகோ, பெனின் ஆகிய மேற்கு ஆபிரிக்க நாடுகளிலிருந்து ஏற்றுமதியாகின்றவை. 'பண்ணையில் வளர்ந்தவை' என்று கூறப்பட்டாலும், காட்டில் பிடிக்கப்பட்ட சினையுற்ற பெண் உடும்புகளின் முட்டைகளிலிருந்தோ, காட்டில் எடுக்கப்பட்ட முட்டைகளிலிருந்தோ பொரித்தவையாகவே அவை பெரிதும் உள்ளன. வாங்குவோரின் நாடுகளில் இவ்வினம் வெற்றிகரமாக இனப்பெருக்கம் செய்யப்படுவது அரிது. ஆகவே ஒவ்வொரு குஞ்சும் நெடுந்தூரப் பயணத்தின் களைப்போடும், நீரிழப்போடும், பல வேளைகளில் உண்ணிகளோடும் குடற்புழுக்களோடுமே கடையை வந்தடைகின்றது.

பெயரால் வந்த தவறு

'சவன்னா' என்ற பெயரைக் கேட்டதும் வரண்ட வெட்டவெளியே பலருக்கும் நினைவில் தோன்றுகின்றது. இதனால் உலர்ந்த மணலையோ மரச்சீவலையோ மெல்லியதாகப் பரப்பி, மேலே ஒரு மின்குமிழைத் தொங்கவிட்டால் போதுமென்று கருதுகின்றனர். இந்த இனத்துக்கு இழைக்கப்படும் மிகப் பெரிய தவறு இதுவே எனலாம்.

பிரித்தானிய ஆய்வாளர் டானியல் பென்னெற் கானாவில் மேற்கொண்ட கள ஆய்வுகள் வேறொரு வாழ்க்கையைக் காட்டுகின்றன. அங்கு குஞ்சுகள் பெரிய சிள்வண்டுகள் தோண்டிய வளைகளைப் புகலிடமாகக் கொள்கின்றன. அந்த வண்டுகளையும் ஏனைய பூச்சிகளையுமே இரையாக்குகின்றன. மேலே வெயில் எரித்தாலும் வளைக்குள் மண் ஈரமாகவும் காற்று ஈரப்பதன் மிக்கதாகவும் இருக்கும். வெளியே வந்து உடலைச் சூடேற்றுவது, பின்னர் ஈரமண்ணுக்குள் இறங்கி உடல் நீரைக் காத்துக்கொள்வது என்ற இரண்டு நிலைகளுக்கிடையிலேயே உடும்பின் நாள் கழிகின்றது. வெப்பத்தை மட்டும் கொடுத்து வளையைக் கொடுக்காவிட்டால், அது ஒவ்வொரு மூச்சிலும் நீரை இழந்துகொண்டே இருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் நாளடைவில் சிறுநீரகம் பழுதடையும்.

இடம் முதலில்

எனவே குஞ்சை வாங்குவதற்கு முன்னரே அதன் இருப்பிடம் தயாராகிவிட வேண்டும். குறைந்தது ஒரு வாரமாவது மின்விளக்குகளை எரியவிட்டு, வெப்பநிலையைப் பல இடங்களிலும் அளந்து பார்ப்பது அவசியம். மேற்பக்கம் வலையால் மூடப்பட்ட மீன்தொட்டி பொருத்தமற்றது. வெப்பமும் ஈரப்பதனும் வலை வழியே வெளியேறிவிடும். நாற்புறமும் ஆட்கள் நடமாடுவது தெரிவதால் குஞ்சு அச்சத்துடனேயே இருக்கும். முன்பக்கம் மட்டும் கண்ணாடிக் கதவு கொண்ட, காற்றோட்டத்துக்குச் சிறு துவாரங்களுள்ள மூடிய பெட்டியே சிறந்தது.

பெட்டியின் ஒரு முனையில் தட்டையான கல்லொன்றை வைத்து அதற்கு மேலே விளக்கைப் பொருத்த வேண்டும். அக்கல்லின் மேற்பரப்பு 50 முதல் 60 பாகை செல்சியஸ் வரை சூடாக இருக்கலாம். இது மிகையாகத் தோன்றலாம். ஆனால் உடும்பு அங்கே தங்கியிருப்பதில்லை. உடல் வெப்பநிலை 36 பாகையளவுக்கு உயர்ந்ததும் தானாகவே விலகிச் செல்லும். அவ்வாறு விலகிச் செல்ல இடமிருப்பதற்காகவே மறு முனை 25 முதல் 28 பாகை வரையான குளிர்ந்த பகுதியாக இருக்க வேண்டும். மின்சாரத்தால் சூடாகும் செயற்கைக் கற்களை வைப்பதைத் தவிர்க்க வேண்டும். அவை உடும்பின் வயிற்றைச் சுட்டுவிடும். புற ஊதாக் கதிர்களை வெளியிடும் குழாய் விளக்கொன்றும் இருப்பது நல்லது.

தரையில் இடும் மண்ணே யாவற்றிலும் முக்கியமானது. குஞ்சுக்குக் குறைந்தது 30 சென்ரிமீற்றர் ஆழத்துக்கும், வளர்ந்த உடும்புக்கு 60 சென்ரிமீற்றர் ஆழத்துக்கும் மண் வேண்டும். தோட்ட மண்ணும் மணலும் கலந்த கலவையைக் கையில் எடுத்துப் பிடித்தால் உதிராமல் உருண்டையாக நிற்க வேண்டும். அந்த அளவு ஈரம் இருந்தால்தான் தோண்டும் வளை இடிந்து விழாது. அதன்மேல் மரப்பட்டைகளையும் காய்ந்த இலைகளையும் பரப்பி, உடும்பு ஒளிந்துகொள்ளப் பல மறைவிடங்களை அமைக்க வேண்டும். தெளிந்த நீர் நிறைந்த, ஆழம் குறைந்த பாத்திரம் ஒன்றும் எப்பொழுதும் இருக்க வேண்டும்.

முதல் நாட்கள்

கடையில் குஞ்சைத் தெரிவு செய்யும்போது, கண்கள் தெளிவாகவும் முழுமையாகத் திறந்தும் இருக்கின்றனவா, வாலின் அடிப்பகுதி சதைப்பிடிப்பாக உள்ளதா என்று பார்க்க வேண்டும். இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு, கண்கள் குழிவிழுந்து, கையில் எடுக்கும்போதும் அசையாமல் கிடக்கும் குஞ்சு 'சாதுவானது' அன்று; அது நோயுற்றது. உண்மையில், பயந்து ஓடி ஒளிய முயலும் குஞ்சே நலமானது.

வீட்டுக்குக் கொண்டுவரும் வழியில், துணிப்பையிலிட்டுக் காற்றுப் புகும் பெட்டியொன்றில் வைப்பது நன்று. வந்து சேர்ந்ததும் பெட்டியைத் திறந்து தன் பாட்டில் வெளியேற விட்டுவிட வேண்டும். அதன் பின்னர் செய்ய வேண்டிய மிகக் கடினமான காரியம் ஒன்றும் செய்யாதிருப்பதேயாகும். பிள்ளைகள் அதனைத் தூக்கிப் பார்க்க விரும்புவர். அயலவர் வந்து பார்க்க ஆசைப்படுவர். ஆனால் முதல் ஒன்றிரண்டு வாரங்களுக்கு நீரை மாற்றுவது, உணவு வைப்பது, கழிவை அகற்றுவது தவிர்ந்த வேறெந்தக் காரணத்துக்காகவும் கையை உள்ளே விடக் கூடாது. சில நாட்கள் குஞ்சு கண்ணில் படாமலே இருக்கலாம். அது மண்ணுக்குள் சென்றுவிட்டதாயின் கவலைப்பட வேண்டியதில்லை. தோண்டி எடுத்துப் பார்ப்பதுதான் தீங்கானது.

தொண்டையைப் புடைத்துச் சீறுவதும், வாலைச் சுழற்றி அடிப்பதும் கோபத்தின் அறிகுறிகள் என்று பலர் கருதுகின்றனர். உண்மையில் அவை அச்சத்தின் அறிகுறிகள். காட்டில் குஞ்சுகளுக்கு ஆபத்து பெரும்பாலும் மேலிருந்து பாயும் பறவைகளின் உருவிலேயே வருகின்றது. ஆகவே மேலிருந்து இறங்கும் மனிதக் கையும் அதற்குப் பருந்தாகவே தோன்றும். பக்கவாட்டில், மெதுவாக அணுக வேண்டும். வாலைப் பிடித்துத் தூக்கக் கூடாது. வீட்டுப் பல்லியின் வால் அறுந்தாலும் மீண்டும் வளரும், உடும்புக்கு அவ்வாறில்லை. நீண்ட இடுக்கியால் உணவு கொடுத்து வந்தால், ஆள் வருவது ஆபத்தன்று என்பதை அது நாளடைவில் தானே கற்றுக்கொள்ளும். அதற்கு வாரங்களல்ல, மாதங்களும் ஆகலாம்.

உணவும் சுகாதாரமும்

குஞ்சுக்கு நாள்தோறும் சிள்வண்டு, வெட்டுக்கிளி, வளர்ப்புக் கரப்பான் பூச்சி, மண்புழு, நத்தை போன்றவற்றைக் கொடுக்கலாம். எலும்பு வலுவிழக்காதிருக்கக் கல்சியப் பொடியைத் தூவிக் கொடுக்க வேண்டும். பூச்சிகொல்லி தெளிக்கப்பட்ட தோட்டங்களில் பிடித்த பூச்சிகளைக் கொடுக்கவே கூடாது. உறைநிலையில் விற்கப்படும் சுண்டெலிகளை வாங்கிக் கொடுப்பது எளிதென்பதால் பலர் அவற்றையே நாளும் ஊட்டுகின்றனர். பூச்சியுண்ணியான இவ்வினம் அதனால் கொழுத்து, ஈரலில் கொழுப்புப் படிந்து அகாலத்தில் இறக்கின்றது. கொழுத்த உடும்பு நன்றாக வளர்ந்த உடும்பு என்ற எண்ணம் தவறானது.

முதல் மாதத்திலேயே ஊர்வனவற்றில் அனுபவமுள்ள மிருக வைத்தியரிடம் மலத்தைப் பரிசோதனைக்குக் கொடுப்பது அவசியம். ஊர்வன நலமாகத் தோன்றினாலும் சல்மொனெல்லா பக்டீரியாவைக் காவக்கூடியவை. எனவே தொட்ட பின்னர் சவர்க்காரமிட்டுக் கைகழுவ வேண்டும். சமையலறைத் தொட்டியில் அதன் பாத்திரங்களைக் கழுவக் கூடாது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள்ள வீடுகளில் ஊர்வன இனங்களை வைத்திருப்பதைச் சுகாதார அதிகாரிகள் ஊக்குவிப்பதில்லை.

கடைசியில் யார் பொறுப்பு?

ஒரு சாண் குஞ்சு ஓரிரு ஆண்டுகளில் முழங்கை நீளத்தைக் கடந்துவிடும். அப்போது அதற்கு 2.4 மீற்றர் நீளமும் 1.2 மீற்றர் அகலமும் கொண்ட, பல நூறு கிலோ மண்ணைத் தாங்கும் இருப்பிடம் தேவை. நாள் முழுவதும் எரியும் விளக்குகளின் மின்கட்டணம், உணவுச் செலவு, வைத்தியச் செலவு என்பன விலங்கின் விலையைப் பல மடங்கு விஞ்சிவிடும். வேலியால் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டிய கதையாக, அப்போதுதான் பலர் விழித்துக்கொள்கின்றனர். விலங்குக் காப்பகங்கள் ஏற்க மறுக்கும்போது, சிலர் அதனை வெளியே விட்டுவிடுகின்றனர். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் கேப் கோரல் பகுதியில் 1990ஆம் ஆண்டளவிலிருந்து நைல் உடும்புகள் பெருகி, அங்குள்ள பறவைகளுக்கும் சிறு விலங்குகளுக்கும் அச்சுறுத்தலாகியுள்ளமை செல்லப்பிராணி வர்த்தகத்தின் விளைவே. அம்மாநிலம் 2021ஆம் ஆண்டில் நைல் உடும்பைத் தடைசெய்யப்பட்ட இனங்களின் பட்டியலில் சேர்த்தது.

இலங்கையில் வாழ்வோரைப் பொறுத்தவரை, இந்தக் கேள்விக்குச் சட்டமே விடை கூறிவிட்டது. எமது உடும்பும் கபரகொய்யாவும் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. அவற்றைப் பிடிப்பதும், வைத்திருப்பதும், கொல்வதும் குற்றமாகும். அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் சர்வதேச வர்த்தகம் பற்றிய சமவாயத்தில் இலங்கை 1979ஆம் ஆண்டில் இணைந்தது. அதன் முதலாம் பின்னிணைப்பில் எமது உடும்பு இடம்பெற்றுள்ளது. கபரகொய்யாவும் சவன்னா உடும்பும் இரண்டாம் பின்னிணைப்பில் உள்ளன. இவ்வாறிருந்தும் இறைச்சிக்காகவும், மருத்துவக் குணம் பற்றிய நம்பிக்கையினாலும் உடும்பு இன்றும் வேட்டையாடப்படுகின்றது.

வளவுக்குள் உடும்புக் குஞ்சொன்றைக் கண்டால், அதனைப் பிடித்துப் பெட்டியிலடைக்க வேண்டியதில்லை. மேலே விபரித்த விளக்கும், கல்லும், ஈரமண்ணும், பூச்சிகளும் அதற்கு ஏற்கனவே அங்கே உள்ளன. அது காயமுற்றிருந்தால் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு அறிவிக்கலாம். மற்றப்படி அதன் போக்கில் விட்டுவிடுவதே முறையாகும்.

சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் வாழும் எம்மவர், பிள்ளைகளின் வற்புறுத்தலுக்கு இணங்குமுன் ஒரு பரீட்சையைச் செய்து பார்க்கலாம். விலங்கை வாங்காமல், அதன் இருப்பிடத்தை மட்டும் முதலில் அமைத்து, ஒரு மாத காலம் அதன் வெப்பத்தையும் ஈரத்தையும் தவறாது பேணிப் பார்க்கட்டும். அந்த ஒரு மாதத்திலேயே சலிப்பு ஏற்படுமாயின், பத்து ஆண்டுப் பொறுப்பை ஏற்க அந்த வீடு இன்னும் தயாராகவில்லை என்பது பொருள். வெற்றுப் பெட்டியோடு அந்த உண்மையை அறிந்துகொள்வதனால் எவருக்கும் நட்டமில்லை. உயிரொன்றை உள்ளே வைத்துவிட்டு அறிந்துகொள்வதே நட்டம்.